அந்த நாலாம் வருஷ மாணவர் நம்ம காலேஜுக்கு வந்தால்?

சாரல் ஆரம்பிச்சாச்சுன்னு ஒரு ரீல்ஸ் வந்தா போதும், நம்ம கிளாஸ் குரூப்பில் அடுத்த மெசேஜ் "மச்சி, குற்றாலம் போலாமா?" என்பதுதான். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், திரும்பும்போது பார்டர் பரோட்டா. வருஷா வருஷம் இந்தத் திட்டம் மட்டும் மாறுவதே இல்லை. அதில் தப்பும் இல்லை. அருவியில் தலையைக் கொடுத்து நிற்கிற சுகமே தனி.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் தென்காசி. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஆய்க்குடி. முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். நாம யாரும் எட்டிப் பார்க்காத அந்த ஊரில்தான், நம்மை மாதிரியே இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒருத்தர், நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடமும் சேவையுமாக ஒரு பெரிய வேலையைக் கட்டி எழுப்பியிருக்கிறார். அமர் சேவா சங்கத்தின் நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன். இந்தக் கட்டுரை பாதி அவரைப் பற்றியது. மீதிப் பாதி நம்மளைப் பற்றியது.

முதலில் அவர் கதை. ஆய்க்குடிக்காரர். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் நாலாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தார். கடற்படை அதிகாரி ஆக வேண்டும் என்று ஆசை. 1975 ஜனவரியில் பெங்களூரில் நடந்த தேர்வுக்குப் போனார். உடல்திறன் சோதனைகளின் கடைசிக் கட்டத்தில் கீழே விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு செயல் இழந்தது. அப்போது அவருக்கு இருபது வயசுதான் இருக்கும். கொஞ்சம் யோசித்துப் பாருங்க, நம்ம வயசு.

புனேயில் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை. அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகல். உடம்பு பழையபடி ஆகாது என்பது தெரிந்த பிறகும், இந்த உடம்போடு ஒரு வாழ்க்கை வாழ முடியும் என்று நம்பிக்கை கொடுத்தவர் அவர். அவர் பெயரில் இருந்துதான் 'அமர்' வந்தது. ஊருக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன், 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்த வருஷத்தைத்தான் ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. தொடக்கம் ஒரு கூரைக் கொட்டகை, விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய பிள்ளைகள். அவ்வளவுதான்.

இன்றைக்கு அது ஏக்கர் கணக்கில் விரிந்த ஒரு வளாகம். பள்ளிக்கூடம், பிசியோதெரபி, காலிப்பரும் ஊன்றுகோலும் செய்கிற பட்டறை, தொழிற்பயிற்சி, தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு, கிராமம் கிராமமாகப் போய் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்க்கிற பணியாளர்கள் என்று நீள்கிறது பட்டியல். 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பட்டியலில் சமூக சேவைப் பிரிவில் அவர் பெயர் இருந்தது.

சரி, இதுவரை சொன்னது கூகுளில் தேடினாலே கிடைக்கும். என் பிரச்சினை இந்தக் கதையை நாம சொல்லும் விதத்தில்தான்.

நாம எப்படிச் சொல்கிறோம்? "கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாதவர் இவ்வளவு செய்திருக்கிறார், கை கால் நல்லா இருக்கிற உனக்கு அரியர் க்ளியர் பண்ண முடியாதா?" பின்னணியில் ஒரு வயலின் மியூசிக். ஸ்டேட்டஸ் போட்டாச்சு, 24 மணி நேரத்தில் அதுவும் மறைந்தாச்சு. இப்படிச் சொல்லும்போது அவர் கட்டிய பள்ளிக்கூடம் கதையில் இருந்து காணாமல் போகிறது. நாலு பேருக்கு உற்சாகம் கொடுக்கிற டானிக் பாட்டிலாக அவர் மாறிவிடுகிறார். ஒரு மனுஷன் தன் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்கு நாம கொடுக்கிற மரியாதை இதுதானா?

இன்னொரு மாதிரியும் சொல்வார்கள். "எல்லாம் நன்மைக்கே. அவர் அன்றைக்கு விழாமல் இருந்திருந்தா இந்தச் சங்கமே வந்திருக்காது." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கூரைக் கொட்டகைக்கு வந்த பிள்ளைகள் அவர் விழுவதற்கு முன்பும் அந்த ஊர்ப்பக்கம் இருந்தவர்கள்தான். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் அப்போதும் தேவைதான். ஊரில் அதுவரை யாரும் செய்யாத வேலையை, விழுந்த ஒருத்தர் வந்து செய்ய வேண்டியிருந்தது. இதில் 'நன்மைக்கே' என்று சொல்ல என்ன இருக்கு?

அவரை நான் முதலில் ஒரு கல்வியாளராகத்தான் பார்க்கிறேன். காரணம், அவர் எடுத்த வழி. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்து ஒரு விடுதி நடத்தியிருக்கலாம். நன்கொடையும் வந்திருக்கும், நல்ல பெயரும் கிடைத்திருக்கும். அவர் தொடங்கியது பள்ளிக்கூடம். அது வளர்ந்து சிவசரஸ்வதி வித்யாலயா ஆனது. அங்கே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள்.

இந்த 'ஒரே வகுப்பு' என்பது சின்ன விஷயம் இல்லை. சக்கர நாற்காலியில் வரும் பையனோடு ஒண்ணாம் வகுப்பில் இருந்து சண்டை போட்டு, பென்சில் கடன் வாங்கி, சாப்பாட்டைப் பங்கு போட்டு வளர்ந்த பிள்ளை, பெரியவனானதும் 'ஐயோ பாவம்' என்று பார்க்காது. நாளைக்கு அது கட்டடம் கட்டினால் வாசலில் படியோடு சேர்த்து சாய்தளமும் தானாகவே வரைபடத்தில் வந்துவிடும். நமக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. நம்மில் பெரும்பாலானோர் எல்.கே.ஜி.யில் இருந்து இன்றைக்கு வரைக்கும் சக்கர நாற்காலியில் வரும் ஒரு வகுப்புத் தோழனோடு படித்ததே கிடையாது. அவர்கள் எங்கே போனார்கள் என்று நாம கேட்டதும் கிடையாது.

இந்த வேலையில் அவரோடு தோள் கொடுத்தவர் எஸ். சங்கரராமன். பட்டயக் கணக்காளர். தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். சென்னையில் தொழில் பார்த்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு ஆய்க்குடிக்கே வந்துவிட்டார். ஆக இரண்டு பேர், இரண்டு சக்கர நாற்காலி. ஒருத்தர் தொடங்கியதை இன்னொருத்தர் கணக்கு வழக்கோடு நிலைநிறுத்தினார். இங்கே முடிவு எடுக்கிறவர்களே மாற்றுத்திறனாளிகள் என்பதைக் கவனியுங்க. "அவங்களுக்கு நாம ஏதாவது செய்யணும்" என்று கிளம்புகிற நமக்கு இது ஒரு பாடம்.

இப்போ நம்ம பக்கம் வருவோம்.

ஒரு கேள்வி. வயலின் மியூசிக் இல்லாமல் கேட்கிறேன். நாளைக்கு நம்ம கிளாஸில் ஒருத்தருக்கு பைக் ஆக்சிடெண்டில் தண்டுவடம் அடிபடுகிறது என்று வையுங்க. பைக்கில் நம்ம ஆட்கள் போகிற வேகத்துக்கு இது ஒன்றும் கற்பனைக்கு எட்டாத விஷயம் இல்லை. ஒரு வருஷம் சிகிச்சை. பிறகு சக்கர நாற்காலியில் திரும்பி வந்து, "மீதிப் படிப்பை முடிக்கிறேன்" என்கிறார். அவரால் முடியுமா?

அவர் கூடவே ஒரு நாள் நடந்து பார்ப்போம். காலையில் காலேஜ் பஸ். மூணு உயரமான படி, அதுக்கு மேலே குறுகலான கதவு. சரி, அப்பா காரில் கொண்டுவந்து விடுகிறார். டிபார்ட்மெண்ட் வாசலில் மூணு படி. கிளாஸ் மூணாவது மாடியில். லிஃப்ட் இருக்கு, ஆனா 'ஸ்டாஃப் ஒன்லி'. லேபில் மேஜை நெஞ்சு உயரம், சுற்றி ஸ்டூல். கேண்டீனுக்குப் போக ஜல்லிப் பாதை. கழிப்பறைக் கதவு ஒருக்களித்து நுழைகிற அகலம். உள்ளே போக முடியாது என்பதால் காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு சிறுநீர்த் தொற்று பெரிய எதிரி. தண்ணீர் குடிக்காமல் இருப்பது அவர் உடம்புக்கு நேரடி ஆபத்து. சாயங்காலம் ஆபீஸில் இருந்து செய்தி வரும்: 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லை, எக்ஸாம் எழுத முடியாது.

இப்படிப் பார்த்தால் அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. மூணு படி, ஒரு போர்டு, ஒரு கதவு, இவை சேர்ந்து சொல்லிவிடும்.

1975-ல் இருந்த நிலைமை வேற. வரைபடம் என்றால் டிராயிங் போர்டும் டி-ஸ்கொயரும்தான். கை அசையாதவர் எப்படிப் படிப்பார் என்று கேட்க அன்றைக்கு ஒரு சாக்கு இருந்தது. சட்டமும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டம் நாட்டில் வந்ததே 1995-ல், ராமகிருஷ்ணன் விழுந்து இருபது வருஷம் கழித்து. இன்றைக்குப் பேச்சை எழுத்தாக்கும் சாப்ட்வேர் நம்ம போனிலேயே இருக்கு. டிசைன் முழுக்க கம்ப்யூட்டரில். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கு. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களின் கட்டடமும் வளாகமும் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. எழுதுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளவும், தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகக் கொடுக்கவும் மத்திய அரசின் வழிகாட்டுதல் இருக்கு. ஒரு அரசு ஊழியர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனால் அவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. படிக்கும் காலத்தில் அடிபட்ட மாணவருக்கும் அதே நியாயம்தானே?

அன்றைக்கு இருந்த சாக்கு எதுவும் இன்றைக்கு இல்லை. மிச்சம் இருப்பது நம்ம கட்டடங்களும் நம்ம பழக்கமும்தான்.

"எங்க காலேஜ்ல ரேம்ப் இருக்கே" என்று சிலர் சொல்வீங்க. இருக்கு. அதில் டூவீலர் ஏறும், கேண்டீனுக்கு சிலிண்டர் ஏறும். சக்கர நாற்காலி ஏறுமா? ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸை இங்கே கொஞ்சம் பயன்படுத்துவோம். சாய்தளத்துக்கு விதிமுறை 1:12. அதாவது ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம். மூணு படி, ஒன்று 15 செ.மீ. என்றால் மொத்தம் 45 செ.மீ. உயரம். அதுக்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். நாம என்ன செய்வோம்? இடம் இல்லை என்று 1.8 மீட்டரில் முடித்துவிடுவோம். அது 1:4.

ஆளும் நாற்காலியும் சேர்த்து 100 கிலோ என்று வையுங்க. உராய்வை விட்டுவிட்டு ஃப்ரீ பாடி டயகிராம் போட்டால், 1:12 சரிவில் எடையின் பின்னிழுக்கும் பங்கு சுமார் 8 கிலோ. 1:4 சரிவில் சுமார் 24 கிலோ. மூணு மடங்கு! கையால் சக்கரத்தைத் தள்ளி ஏறுகிறவர் பாதியில் நின்றுவிடுவார். பின்னால் இருந்து ஒருத்தர் தள்ளினாலும் கை கொஞ்சம் வழுக்கினால் இருவரும் கீழே வருவார்கள். அதைச் சாய்தளம் என்று சொல்வதைவிட சறுக்குமரம் என்று சொல்லலாம். இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்ட மட்டும்தான் அது உதவும். இதைக் கட்டியதும் யாரோ ஒரு இன்ஜினியர்தான், இல்லையா?

"அப்படி யாருமே நம்ம காலேஜ்ல படிக்கலையே, யாருக்காகச் செலவு பண்றது?" என்று அடுத்த கேள்வி வரும். யாரும் வராததால் வசதி செய்யவில்லை, வசதி இல்லாததால் யாரும் வரவில்லை. இந்த வட்டத்தை யாராவது ஒரு இடத்தில் வெட்டித்தான் ஆகணும். அமெரிக்காவில் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1962-ல் எட் ராபர்ட்ஸ் என்ற மாணவர் சேர்ந்தார். போலியோவால் கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர். மூச்சு விட உதவும் பெரிய இரும்புப் பெட்டிக்குள்தான் இரவில் தூங்க வேண்டும். அதை வைக்க விடுதியில் வழி இல்லை. வளாக மருத்துவமனையின் ஒரு அறையே அவருக்கு விடுதி ஆனது. ஒருத்தர் வந்ததும் அடுத்தடுத்து மற்றவர்கள் வந்தார்கள். அவர்கள் சேர்ந்து கேட்கத் தொடங்கினார்கள். நடைபாதை ஓரங்களைச் சரிவாக்கச் சொல்லி நகராட்சி வரை போனார்கள். 1972-ல் சுயமாக வாழ்வதற்கான மையம் ஒன்றை அங்கேயே தொடங்கினார்கள். ஒரு காலேஜ் ஒரு அறையைத் திறந்து விட்டதற்கு இவ்வளவு பலன். ராமகிருஷ்ணனுக்கு அப்படி ஒரு கதவு கிடைக்கவில்லை. அவர் ஊருக்குப் போய்த் தானே ஒரு வளாகத்தைக் கட்ட வேண்டியிருந்தது. எல்லோராலும் அது முடியாது. முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாகணும். எந்த ப்ராஜெக்ட் எக்ஸ்போவுக்குப் போனாலும் ஒரு 'கை அசைவில் ஓடும் சக்கர நாற்காலி' கட்டாயம் இருக்கும். ஆர்டுயினோ, சென்சார், இரண்டு மோட்டார். முதல் பரிசுகூட வாங்கும். எக்ஸ்போ நடக்கிற ஹால் மட்டும் முதல் மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது. அந்த ப்ராஜெக்ட்டைச் செய்த டீம் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருத்தரோடு உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியிருக்குமா? பேசியிருந்தால், "தம்பி, நாற்காலி இருக்கு, கழிப்பறைக்குள்ளதான் போக முடியல" என்று சொல்லியிருப்பார்.

ஆய்க்குடிக்காரர்களும் தொழில்நுட்பம் பயன்படுத்துகிறார்கள். 'எனேப்ளிங் இன்க்ளூஷன்' என்று ஒரு ஆப். வளர்ச்சியில் தாமதம் உள்ள சின்னப் பிள்ளைகளைக் கிராமத்தில் வீட்டிலேயே பார்க்கிற பணியாளர்களுக்காக உருவாக்கியது. பிள்ளையின் நிலை என்ன, என்ன பயிற்சி கொடுக்கணும், போன தடவைக்கு இந்தத் தடவை எவ்வளவு முன்னேற்றம் என்று பதிவு செய்ய உதவுகிறது. எக்ஸோஸ்கெலிட்டன் மாதிரி பளபளப்பு இல்லை. ஆனா மருத்துவமனை தூரமாக இருக்கும் ஒரு வீட்டில், பிள்ளை ரொம்பச் சின்னதாக இருக்கும்போதே பயிற்சி தொடங்க அது வழி செய்கிறது. அந்த வயசில் தொடங்கினால் கிடைக்கும் பலன் பிறகு கிடைக்காது. எது தேவை என்று தெரிந்தவர்கள் கேட்டதால் வந்த கருவி அது.

"சரி, இதெல்லாம் மேனேஜ்மெண்ட் வேலை, நாங்க என்ன பண்றது?" நியாயமான கேள்விதான். நம்மில் பாதிப் பேருக்கு எஜுகேஷன் லோன் இருக்கு, ப்ளேஸ்மெண்ட் டென்ஷன் இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு ஆய்க்குடிக்குப் போங்க என்று நான் சொல்லவில்லை. இருக்கிற இடத்திலேயே செய்யக்கூடியவை இருக்கு.

சிவில் மாணவர்கள் ஒரு அளவு நாடாவோடு வளாகத்தைச் சுற்றி வரலாம். எங்கெங்கே படி, எந்தச் சரிவு எவ்வளவு, எந்தக் கதவு எத்தனை செ.மீ. என்று ஒரு வரைபடம் தயார் பண்ணலாம். ஒரு மினி ப்ராஜெக்ட்டுக்குத் தாராளமாகப் போதும். என்.எஸ்.எஸ்.ஸில் வருஷத்துக்கு 120 மணி நேரம் கணக்கு காட்டுகிறோம். அதில் ஒரு பகுதியை இதற்கு எழுதலாம். எலக்ட்ரிகல் மாணவர்கள் லிஃப்ட்டில் இருக்கிற 'ஸ்டாஃப் ஒன்லி' போர்டைப் பற்றி ஒரு மனு எழுதலாம். அதுக்கு சர்க்யூட் டயகிராம்கூட வேண்டாம். கம்ப்யூட்டர் மாணவர்கள் நம்ம காலேஜ் வெப்சைட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கிரீன் ரீடரில் கேட்டுப் பார்க்கலாம். அட்மிஷன் பக்கம் வரைக்கும் போக முடிகிறதா பாருங்க. வளாகத்தைச் சுற்றும்போது அருகில் இருக்கும் மாற்றுத்திறனாளி ஒருத்தரைக் கூப்பிட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வது எல்லாவற்றிலும் முக்கியம். அவர்தான் அங்கே எக்ஸ்பர்ட், நாம நோட்ஸ் எடுக்கிறவர்கள்.

அடுத்த சீசனில் தென்காசிப் பக்கம் போகிறவர்கள் ஆய்க்குடிக்கும் போகலாம். முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்க. பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து 'ப்ளெஸ்ட்' என்று போடப் போகாதீங்க. ஒரு வளாகம் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருப்பவர் சிரமம் இல்லாமல் சுற்றி வருவது எப்படி இருக்கும் என்று பார்க்கப் போங்க. சரிவு எவ்வளவு, கதவு எவ்வளவு, மேஜை எவ்வளவு உயரம் என்று பார்த்து எழுதிக்கொண்டு வாங்க.

பத்மஸ்ரீ அரசாங்கம் கொடுத்துவிட்டது. பாராட்டும் நிறையக் கிடைத்திருக்கும். நம்ம மாதிரி ஸ்டூடண்ட்ஸ் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை ஒன்றுதான். படிப்பின் நடுவில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் திரும்பி வரும் அடுத்த மாணவர் நம்ம டிபார்ட்மெண்ட் வாசலில் நின்று, "எப்படி உள்ளே வர்றது?" என்று யாரிடமும் கேட்க வேண்டிய நிலைமை இருக்கக் கூடாது. அந்த மூணு படிக்குப் பக்கத்தில் 5.4 மீட்டர் இடம் இருக்கா என்று நாளைக்குக் காலேஜுக்குப் போனதும் அளந்து பாருங்க.